நாடு அழுத அன்று எங்கள் வீட்டு அண்டா

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கல்யாண மண்டபத்தில் சேர்ந்து உட்கார்ந்தால், முழங்கால் வலி, சுகர் மாத்திரை எல்லாம் பேசி முடித்த பிறகு எப்படியும் அந்த நாள் வந்துவிடும். பிரதமரை, காவலுக்கு நின்றவர்களே சுட்டுவிட்ட நாள். ஒருவர் ஒட்டன்சத்திரம் சந்தையில் மாட்டிக்கொண்டு தக்காளிக் கூடை மேலேயே தூங்கியதைச் சொல்வார். இன்னொருவர் தாடிக்கொம்பு வரைக்கும் செருப்பில்லாமல் நடந்ததைச் சொல்வார். என் முறை வரும்போது நான் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன். நாற்பது வருசமாக எழுந்துகொண்டிருக்கிறேன். இன்றைக்கு உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

நான் பயந்தவள். கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள். பேரனின் வேன் பத்து நிமிசம் தாமதமானால் வாசலில் போய் நின்றுவிடுவேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் கோர்வையாகவும் எழுத வராது. ஆனால் அந்த நாளை நினைத்தால் பயத்துக்கு முன்னால் குதூகலம்தான் ஓடி வருகிறது. எனக்கு அதுதான் சங்கடம். அன்று காலையில் என்னைப் போலக் குதித்துக்கொண்டிருந்த பிள்ளை திண்டுக்கல்லிலேயே இருந்திருக்காது.

ஏனென்றால் அது என்னுடைய நாள். குர்ஆனை முழுதாக ஓதி முடித்திருந்தேன். அதற்காக வீட்டில் விருந்து. சிவப்பு சாட்டின் பாவாடை, அதற்குத் தோதாகச் சிவப்பு ரிப்பன், கை நிறையக் கண்ணாடி வளையல். பள்ளிக்கூடத்துக்கு லீவு. விடியலில் இரண்டு கிடாய் அறுத்தாயிற்று. பிரியாணி ஆக்குகிற பண்டாரி வந்து, முற்றத்தில் செங்கல் அடுக்கி, என் தோள் உயர அண்டாவை ஏற்றினார். முந்நூறு பேருக்குப் பிரியாணி. சீரகச் சம்பா வெந்து, மூடி மேல் தணல் போட்டு தம் கட்டியபோது அந்த வாசம் தெருவைத் தாண்டி ரோடு வரைக்கும் போனது. நான் முகர்ந்துகொண்டே சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்காக ஒரு அண்டா.

எங்கள் வீடு பழனி ரோட்டுப் பக்கம். முன்னால் வீடு, நடுவில் முற்றம், பின்னால் பெரியத்தாவின் தோல் மண்டி. அப்பாவை நாங்கள் அத்தா என்போம், பெரியத்தா என்றால் அத்தாவின் அண்ணன்; வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பச்சைத் தோலை வாங்கி, உப்பைத் தடவி அடுக்கி, வடக்கே கான்பூருக்கு அனுப்புவார்கள். மண்டி முழுக்க உப்புக் குவியலும் தோல் நாற்றமும்தான். எங்களுக்குப் பழகிய மூக்கு. புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள்.

அன்று அந்த நாற்றத்துக்கு நடுவில் இன்னொரு அதிசயம் நின்றது. முதல் நாள் சாயங்காலம் தோல் ஏற்ற வந்த பஞ்சாப் லாரி. முகப்பில் கழுகுப் படம், கண்ணாடியில் கறுப்புக் குஞ்சம், உள்ளே சிவப்பு வெல்வெட். அதன் டிரைவர் ஒரு சிங்கு. அம்புட்டு உயரமான ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. காலையில் கிணற்றடியில் குளித்துவிட்டு, மாற்றுத் தலைப்பாகைத் துணியை அலசி, எங்கள் கொடியில் காயப்போட்டார். நீலத் துணி. கொடியின் இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரைக்கும் போய், மறுபடி திரும்பி வந்தது. என் பாவாடையைப் பார்த்துச் சிரித்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன்.

மதியம் தொழுகைக்கு முன்னால்தான் சேதி வந்தது. அத்தா வெளியிலிருந்து வேகமாக நடந்து வந்தார். ஓடவில்லை. ஓடினால் பிள்ளைகள் பயப்படும் என்று நினைத்திருப்பார்.

"அண்ணே, பிரதமரைச் சுட்டுட்டாங்களாம். கடையெல்லாம் அடைக்கிறாங்க. பஸ்ஸு நிப்பாட்டியாச்சு."

பெரியத்தா ரேடியோவைப் போட்டார். ரேடியோவில் சோக வாத்தியம் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வத்தலக்குண்டிலிருந்து வரவேண்டிய சொந்தம், பழனியிலிருந்து வரவேண்டிய சொந்தம், ஒருவரும் வரவில்லை. வந்திருந்த உள்ளூர்க்காரர்களும் ஒரு வாய் தின்றதும் தின்னாததுமாகச் செருப்பைத் தேடினார்கள். அரை மணி நேரத்தில் வீடு காலி. அண்டாவில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. நாட்டுக்காக இல்லை, என் விசேஷத்துக்காக. ஆனால் அதுவும் செத்த நேரம்தான். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. யாரோ டயரைக் கொளுத்தியிருக்கிறார்கள், மேற்கே கறுப்பாகப் புகை எழும்புகிறது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஷட்டர் இறங்குகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? மழை வருகிற மாதிரி இருக்கும். நான் மாடிக்கும் முற்றத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தேன்.

பெரியவர்களின் கவலையோ வேறு. பெரியம்மாதான் முதலில் சொன்னது.

"இந்த வாசத்தை என்ன பண்றது? நாடே துக்கத்துல இருக்கு, பாய் வீட்ல பிரியாணி வெந்தா என்னான்னு நினைப்பாங்க?"

"தேவையில்லாம மூடியைத் திறக்காதீங்க," என்றார் அத்தா.

"மூடி போட்டு மறைக்கிற வாசமா இது? மண்டிக் கதவைத் திறந்து விடுங்க. தோல் நாத்தத்துல இது அமுங்கிப் போகும்."

அப்படியே செய்தார்கள். அமுங்கவில்லை. இரண்டும் கைகோத்துக்கொண்டு தெருவுக்குப் போனது.

சிங்குக்குச் சாப்பாடு கொண்டுபோனதும் அந்த நேரத்தில்தான். பெரியத்தாவே தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனார். நெஞ்செலும்பாகப் பொறுக்கி வைத்து, எலும்பு போட்ட பருப்புத் தால்ச்சாவை ஊற்றி, தயிர் வெங்காயத்தையும் மேலேயே அள்ளிப் போட்டு. லாரிக்காரர் எழுந்து நின்றார், கும்பிட்டார், வயிற்றைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார்.

"வயிறு சரியில்லையாம்," என்று பெரியத்தா திரும்பி வந்தார். கான்பூருக்குப் போய்வந்து கற்ற இந்தி அவருடையது. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

இரண்டு மணி வாக்கில் அம்மா ஒரு தூக்குச் சட்டியில் பிரியாணியை நிரப்பி, அடுத்த சந்தில் இருந்த என் வகுப்புத் தோழி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். சேலைத் தலைப்பால் மூடித்தான். தோழியின் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தார், கட்சிக்காரர், கடையை அடைத்துவிட்டுக் கறுப்புக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். நான் தோழியை ஒரு ஓரமாக இழுத்தேன். எனக்கு வாய் நிற்கவில்லை.

"எங்க மண்டியில ஒரு சிங்கு இருக்காரு டீ. தலையில இம்புட்டுத் துணி. தாடி இங்க வரைக்கும்."

"பொய்யி."

"சத்தியமா. வேணும்னா வந்து பாரு. லாரிகூட நிக்கிது."

அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. வீடு திரும்பியபோது அத்தாவும் பெரியத்தாவும் ரேடியோ பக்கத்தில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுட்டவர்கள் இரண்டு பேரும் சிங்குகளாம். வடக்கே சிங்குகளைத் தேடி அடிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். இங்கேயும் ரோட்டில் லாரிகளை நிறுத்தி டிரைவர் முகத்தைப் பார்க்கிறார்களாம்.

தோழியிடம் சொன்னது நினைவுக்கு வந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நம்பர் பலகையில் சேறு பூசினார்கள். லாரிக்காரரை மண்டியின் உள்கோடியில், மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கவைத்தார்கள். அத்தா ஒரு யோசனை சொன்னார்: நாவிதரைக் கூப்பிட்டு முடியையும் தாடியையும் எடுத்துவிட்டு, ஒரு கைலியும் தொப்பியும் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பெரியத்தா போய்ச் சொன்னார். லாரிக்காரர் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்புட்டுப் பெரிய ஆள், உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். உயிரைவிட மயிர் பெரிதா என்று அத்தா முணுமுணுத்தார். உதவி செய்கிறோம் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

மூன்று மணிக்கு மறுபடியும் தாம்பாளம் போயிற்று. மறுபடியும் கும்பிடு. பெரியத்தாவின் முகம் சிவந்து வந்தது.

"வயிறுமில்ல, ஒண்ணுமில்ல. காலையில என் கண்ணு முன்னால நாலு ரொட்டி சுட்டுத் தின்னான். அவன் மாவு ஆகும், நம்ம வீட்டுச் சோறு ஆகாது. துலுக்கன் கைபட்ட சோறு அவனுக்கு அருவருப்பு."

"அப்படி இருக்காதுண்ணே."

"எப்படி இருக்காது? இந்த வீட்டு உப்பு ஒருத்தன் நாக்குல பட்டுருச்சுன்னா அவன் உசுருக்கு நான் ஜவாப்தாரி. எங்கத்தா காலத்துச் சட்டம். உப்புக் குவியலுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு உப்பு வேணாங்கிறவனை நான் எதுக்குக் காப்பாத்தணும்? அசர் தொழுகை முடியட்டும். கேட்டைத் திறந்து விட்டுருங்க. அவன் பாடு, அவன் லாரி பாடு."

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது அசருக்கு. சைக்கிள் கடை அண்ணனுக்குச் சேதி போயிருக்குமா, போயிருக்காதா என்று நான் ஒரு பக்கம் செத்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்து விட்டால் அவர் நேராக அந்தப் புகைக்குள்தான் போகவேண்டும். ஒரே வழிதான் தெரிந்தது. அவர் நாக்கில் எங்கள் வீட்டு உப்பு பட்டாக வேண்டும்.

விருந்துக்கு வாங்கிய சிறுமலைப் பழம் தார் தாராகத் தொங்கியது. ஒரு சீப்பைப் பிய்த்தேன். அடுப்படிப் பானையிலிருந்து கல் உப்பு ஒரு பிடி எடுத்தேன். மண்டி உப்பு தோலுக்கு. அது கணக்கில் வராது, சமைக்கிற உப்புதான் செல்லும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். கிணற்றடிப் பக்கக் கதவு வழியாக உள்ளே போனேன். வளையல் சத்தம் கேட்கக்கூடாது என்று கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

பழத்தைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார். ஒன்றை உரித்தார். நான் மூடிய கையை நீட்டித் திறந்தேன். வியர்வையில் உப்பு பாதி கரைந்திருந்தது. அவர் உப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'நமக்' என்றார், இந்தியில் உப்பு. பெரியத்தா அந்தச் சொல்லை அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, அவருக்கு விசயம் புரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். பழத்தை என் உள்ளங்கையில் தொட்டு எடுத்து, உப்போடு தின்றார். ஏழு பழம். ஏழையும் தொட்டுத் தொட்டுத் தின்றார். கடைசியில் விரலை உப்பில் வைத்து நாக்கில் வைத்துக் காட்டினார், போதுமா என்கிற மாதிரி.

எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? பெரியத்தாவிடம் சொல்ல ஓடினேன். முற்றத்துக்கு வந்தபோது கேட்டை யாரோ தட்டினார்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர். கையில் கம்பு. சட்டையில் கறுப்புத் துணி. முன்னால் சைக்கிள் கடை அண்ணன்.

"என்ன பாய், ஊரே அழுதுக்கிட்டு இருக்கு. உங்க வீட்ல விருந்து மணக்குது?"

பெரியத்தா கேட்டை அகலத் திறந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"இது காலையிலேயே ஆக்குன விருந்து அப்பு, பிள்ளை ஓதி முடிச்சதுக்கு. சேதி கேட்டதுக்கப்புறம் எங்களுக்கும் இறங்கல. இனிமே இது விருந்து இல்ல. அந்த அம்மா பேரைச் சொல்லி, பசிச்சவங்களுக்குப் போடுற சோறு. நீங்க காலையிலருந்து என்ன சாப்ட்டீங்க?"

ஊரில் ஒரு டீக்கடை திறந்திருக்கவில்லை.

"நாங்க அதுக்கு வரல," என்றார் அண்ணன். "மண்டியில சிங்கு ஒருத்தன் இருக்கான்னு சேதி."

"மண்டி திறந்துதான் கிடக்கு. போய்ப் பாருங்க. ஆனா என் வீட்டு வாசலுக்குப் பசியோட வந்தவனை நான் நிக்க வச்சுப் பேசமாட்டேன். உக்காருங்க. சாப்பிட்டுட்டுத் தேடுங்க."

கம்பைச் சுவரில் சாத்திவிட்டு முதலில் உட்கார்ந்தவன் ஒரு ஒல்லிப் பையன். பிறகு எல்லோரும். பண்டாரி மூடியைத் திறந்தார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த வாசம் ஒரேயடியாக எழும்பியது. மண்டிக் கதவிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, சிங்கைத் தேடி வந்தவர்கள் நெஞ்செலும்பு கடித்தார்கள்.

"மாமோய், இன்னொரு கரண்டி."

"ஏலே, துக்கத்துக்கு வந்தியா, சம்பந்தி வீட்டுக்கு வந்தியா?"

"துக்கத்துலயும் வயிறு இருக்குல்ல."

அப்போதுதான் நான் கொடியைப் பார்த்தேன். நீலத் துணி. எல்லோரும் எல்லாவற்றையும் மறைத்தார்கள், லாரியை, நம்பரை, ஆளை. கொடியில் ஆடிக்கொண்டிருந்த அதை ஒருவரும் நினைக்கவில்லை. பெரியம்மாவின் சேலைக்கும் என் பழைய பாவாடைக்கும் நடுவில், கரையில்லாமல், முந்தியில்லாமல்.

சைக்கிள் கடை அண்ணன் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். கொடிக்கு அடியில் குனிந்தவர் நிமிர்ந்தார். துணியை இரண்டு விரலால் பிடித்து, அது போகிற தூரத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு திரும்பி மண்டிக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சேதியைக் கொடுத்தவள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

அவர் கையை உதறினார். விரலை ஒரு தடவை முகர்ந்து பார்த்தார்.

"துணி காஞ்சிருச்சு பாப்பா. எடுத்து மடிச்சு வையி. காத்துல ரோட்டுப் பக்கம் பறந்துரப் போவுது."

அவ்வளவுதான் சொன்னார். கம்பை எடுத்துக்கொண்டு, "உள்ள தோல் நாத்தம் குடலைப் புடுங்குது. மனுசன் இருப்பானா இதுக்குள்ள? வாங்கடா போவோம்," என்று கூட்டிப் போய்விட்டார்.

நான் துணியை இழுத்தேன். அது வந்துகொண்டே இருந்தது. என் அக்கா ஒரு முனையைப் பிடித்தாள், நான் ஒரு முனை. முற்றத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை.

அன்றைக்கு அசர் முடிந்தும் பெரியத்தா கேட்டைத் திறக்கச் சொல்லவில்லை. அத்தா கேட்டதற்கு, "ரோட்ல அம்புட்டுப் பேரு நிக்கயில எப்படி அனுப்புறது?" என்று எரிந்து விழுந்தார். லாரிக்காரர் நான்கு நாள் இருந்தார். தன் மாவில் தானே ரொட்டி சுட்டார். எங்கள் வீட்டில் ஊரடங்கிய நாட்களில் சுடவைத்த பிரியாணிதான். அது தீர்ந்த பிறகும் பெரியத்தா மூன்றாவது தடவை தாம்பாளம் நீட்டவில்லை. ரோசம்.

டெல்லியில் தகனம் முடிந்து லாரிகள் ஓடத் தொடங்கிய காலையில் அவர் புறப்பட்டார். தலைப்பாகை கட்டும்போது நீலத் துணியின் ஒரு நுனியை என் கையில் கொடுத்து, முற்றத்தின் மறுகோடிக்குப் போகச் சொன்னார். நான் இழுத்துப் பிடிக்க, அவர் மடிப்பு மடிப்பாகச் சேர்த்துக்கொண்டே என்னை நோக்கி வந்தார். பெரியத்தாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியத்தா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

பெரியத்தா சாகும் வரைக்கும் இந்தக் கதையைச் சொன்னார். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் முடிப்பார்: "எல்லாம் சரி. ஆனா நம்ம சோத்தைத் தொடலய்யா, அவன்." அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். நான் பக்கத்திலேயே நிற்பேன். வெற்றிலை மடித்துக் கொடுப்பேன். உப்பைத் தொட்டுத் தின்றார் பெரியத்தா என்று சொல்ல ஒரு நிமிசம் ஆகாது. ஆனால் அதைச் சொன்னால், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பார். கேட்டைத் தட்டியவர்களுக்குச் சேதி சொன்னது யார் என்பது வரைக்கும் பேச்சு போகும். அன்று தூணுக்குப் பின்னால் நின்றபோது இனி வாயைத் திறக்க மாட்டேன் என்று அல்லாஹ்விடம் சொல்லியிருந்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

போன வருசம் என் மகன் பைபாஸில் வைத்திருக்கும் பிரியாணிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிங்கு, லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்தார். போர்டில் 'ஹலால்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். கையைக் கூப்பினார், வயிற்றைத் தொட்டுச் சிரித்தார், முட்டையும் பரோட்டாவும் கேட்டார். அதே கும்பிடு.

"கறி ஏன் வேணாங்கிறாரு?" என்றேன்.

"அவங்க மார்க்கத்துல ஹலால் கறி ஆகாதும்மா. அறுக்குற முறை வேற. நாம வெளியில கறி தொடமாட்டோம்ல, அதே மாதிரி," என்று சொல்லிவிட்டு மகன் பரோட்டா போடப் போய்விட்டான்.

நான் கல்லாவுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அருவருப்பும் இல்லை, அகம்பாவமும் இல்லை. பெரியத்தாவைப் போலவே அன்றைய லாரிக்காரரும் ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த வாசத்துக்கு நடுவில் பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். அது வேண்டாம் என்று நேராகச் சொன்னால் நம் மனசு நோகுமே என்று வயிற்றைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். இருபது வருசம் முந்தி, பெரியத்தா உயிரோடு இருந்தபோதே இது தெரிந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "ஏன்டி, இம்புட்டுத்தானா," என்றிருப்பார். என்னைத் திட்டியிருக்கவும் மாட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கு அண்டா ஏறினாலும், பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியும் ஏறும். சோறும் பருப்பும், கறி படாமல், தனிக் கரண்டியோடு. உப்பு மட்டும் நானே போடுவேன். யாருக்கு மாமி இது என்று மருமகள் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். இருக்கட்டும், யாராவது வருவாங்க என்கிறேன்.